லிங்க்ட்இன்னில் எல்லோரும் மேலே போகிறார்கள், நான் மட்டும் அதே இடத்தில்…

கேள்வி: எனக்கு 36 வயது. கோவைப் பக்கம் இரும்பை உருக்கி அச்சில் வார்த்துக் காஸ்டிங் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சீனியர் இன்ஜினியர். மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தது இங்கேதான், 13 வருடமாக அதே கம்பெனி. என் வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லைங்க மேடம். மூன்று வருடம் முன்னால் பம்ப் காஸ்டிங்கில் ரிஜெக்‌ஷன் 9 சதவீதம் இருந்ததை 4-க்குக் கொண்டுவந்தோம். அன்றைக்கு முதலாளி லைனுக்கே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். எட்டு மாதம் முன்பு மச்சான் சொன்னான் என்று, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சேர்ந்தேன். அப்போது பிடித்தது இது. கூடப் படித்தவர்களில் ஒருவன் டைரக்டர், ஒருத்தி வைஸ் பிரசிடென்ட், கடைசி பெஞ்சில் இருந்தவன் ஏதோ ஒன்றுக்கு 'ஹெட்'. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் கை தானாக அதைத் திறக்கிறது. என் பெயருக்குக் கீழே இருக்கும் பதவியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 13 வருடத்தை வீணாக்கிவிட்டேனா? வேலையை விடுவதா, லிங்க்ட்இன்னை விடுவதா? பி.கு.: போட்டோவைச் சுற்றி 'வேலை தேடுகிறேன்' என்று பச்சை வளையம் போடுகிறார்களே, அதை நானும் போடலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, முதலாளி லைனுக்கே வந்து கை கொடுத்தார் என்பது. அதை எழுதிய கையோடு, வீணாக்கிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இந்த எட்டு மாதத்தில் உங்கள் ஃபவுண்டரியில் எதுவும் மாறியதாக நீங்கள் எழுதவில்லை. அதே உலை, அதே மணல், அதே காஸ்டிங். முன்பு சொந்தப் படியால் அளந்தீர்கள், இப்போது ஊரான் படியால் அளக்கிறீர்கள். அந்தப் படி எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலையை விடுவதைப் பற்றிப் பேசுவோம்.

நான் 22 வருடம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவள். லிங்க்ட்இன் இந்தியாவில் பரவுவதற்கு முன்பும் பார்த்தேன், பின்பும் பார்த்தேன். அது 2003 மே மாதம் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 கடைசியில் 100 கோடி உறுப்பினர் என்று அவர்களே சொன்னார்கள். அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் பேர் இருப்பது நம் நாட்டில்தான். இவ்வளவு பெரிய சந்தையில் அதிகமாகக் காசு கொடுப்பவர் யார் தெரியுமா? என்னைப் போல ஆள் தேடுபவர்கள். நீங்கள் அங்கே வாடிக்கையாளர் இல்லை, அலமாரியில் வைத்திருக்கும் சரக்கு. கோபப்படாதீர்கள், நானும் அதே அலமாரியில்தான் இருக்கிறேன்.

சரக்கைத் தேடி எடுக்க வேண்டுமென்றால் மேலே சீட்டு ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுதான் பதவிப் பெயர். ஆள் தேடுபவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஒரு கட்டத்தை நாம் எல்லோரும் மனிதரின் மதிப்பு என்று படிக்கப் பழகிவிட்டோம்.

அந்தச் சீட்டில் இருப்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் வகுப்புத் தோழி வைஸ் பிரசிடென்ட் என்கிறீர்கள். அவர் பன்னாட்டு வங்கி ஒன்றின் சென்னை அல்லது பெங்களூரு அலுவலகத்தில் இருந்தால், அது நடுத்தட்டுப் பதவி. அமெரிக்க முதலீட்டு வங்கிகளின் படிவரிசையில் அனலிஸ்ட், அசோசியேட், அதற்கு அடுத்தது வைஸ் பிரசிடென்ட். ஒரே வங்கியில் அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். நம் ஊர்க் காதில் அது 'துணைத் தலைவர்' என்று விழுந்து, தலைவருக்குப் பக்கத்து நாற்காலி கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், நல்ல சம்பளமும் வாங்கலாம். அந்தப் பெயரை வைத்து உங்களுக்கும் அவருக்கும் இருக்கும் தூரத்தை அளக்க முடியாது, அவ்வளவுதான். 'ஹெட்' என்பதைக் கேட்கவே வேண்டாம். மூன்று பேர் இருக்கும் கம்பெனியில் மூன்று ஹெட் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் கூட்டித் தர வழியில்லாத இடத்தில் பெயரைக் கூட்டித் தருவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானே செய்திருக்கிறேன்.

சரி, பதவிப் பெயரை விடுங்கள். உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது ஒரு பெயர் இல்லை, வரிசையாக வந்துகொண்டே இருக்கும் பெயர்கள். எல்லோரும் மேலே போகிறார்கள் என்று தோன்றுகிறதே, அதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இல் அதை எழுதினார். பெரும்பாலானவர்களுக்கு, அவர்களை விட அவர்களுடைய நண்பர்களுக்குத்தான் சராசரியாக அதிக நண்பர்கள் இருப்பார்கள். கேட்டால் விளையாட்டு போலத் தெரியும். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரையும் தெரிந்த ஒரு சித்தப்பா இருப்பார். வந்தவர்களிடம் தெரிந்தவர் பட்டியல் கேட்டால் அத்தனை பட்டியலிலும் அவர் வருவார். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் யாரோ இரண்டு பேர் பட்டியலில்தான் வருவார். அதனால் யார் பட்டியலை எடுத்தாலும், அதில் சித்தப்பா வகையறாதான் நிரம்பியிருப்பார்கள்.

2014-இல் இரண்டு ஆய்வாளர்கள் விஞ்ஞானிகளின் கூட்டாளி வலையில் இதையே போட்டுப் பார்த்தார்கள். ஒருவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள், சராசரியாக அவரை விட அதிகக் கட்டுரைகளும் மேற்கோள்களும் உள்ளவர்களாக இருந்தார்கள். தொடர்பு அதிகம் உள்ளவரிடம் மற்றதும் அதிகமாக இருப்பது வழக்கம் என்பதால் இப்படி ஆகிறது. ஆக, நீங்கள் லிங்க்ட்இன்னைத் திறக்கும்போது உங்கள் வகுப்பு முழுவதும் உங்கள் முன் வந்து நிற்கவில்லை. அதில் இருக்கும் சித்தப்பாக்கள் வந்து நிற்கிறார்கள். உங்கள் வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த எட்டு மாதத்தில் எத்தனை பேருடைய அறிவிப்பைப் பார்த்தீர்கள்? எண்ணிப் பாருங்கள். ஏழோ எட்டோ இருக்கும். மீதிப் பேர் எங்கே?

மீதிப் பேர் பதிவு போடவில்லை. போடவும் மாட்டார்கள். வேலை மாறினால் வாழ்த்துச் சொல்ல அங்கே தயாராகப் பொத்தான் இருக்கிறது, ஆண்டு நிறைவுக்கும் இருக்கிறது. காஸ்டிங்கில் காற்று அடைத்து விழும் ஓட்டையான புளோ ஹோல் ஏன் வருகிறது என்று நாலு ராத்திரி மணலின் ஈரத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தவருக்குப் பொத்தான் கிடையாது. இன்க்ரிமென்ட் வராதவருக்கும், மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டுப் பாத்ரூமில் நின்று அழுதவருக்கும் கிடையாது.

என் பழைய சக ஊழியர் ஒருவர் 'ஆலோசகராகப் புதிய பயணம்' என்று ஒரு பதிவு போட்டார். மலை உச்சியில் நிற்கும் படம் வேறு. முந்நூறு பேருக்கு மேல் வாழ்த்தினார்கள், நானும் கை தட்டினேன். கொஞ்சம் பொறாமையும் வந்தது, மறைப்பானேன். அன்று சாயந்திரமே அவர் போன் செய்தார். "ஆளைக் குறைச்சுட்டாங்க, ரெண்டு மாசமாச்சு. ரெஸ்யூமே அனுப்புறேன், யாராவது கேட்டா சொல்லு." அதற்குப் பிறகு 'புதிய பயணம்' என்று எதைப் பார்த்தாலும் வாழ்த்துக்குப் பதிலாக, எப்படி இருக்கீங்க என்று தனியாக ஒரு வரி அனுப்பிக் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மீதிப் பாதி சொல்லும் கதை உங்கள் கதையை விடக் கஷ்டமானது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் என்ற பேராசிரியர் 2016-இல் தன் தோல்விகளை மட்டும் வரிசைப்படுத்தி ஒரு பயோடேட்டா வெளியிட்டார். இடம் தராத பல்கலைக்கழகங்கள், நிராகரித்த இதழ்கள், கிடைக்காத நிதி. மெலனி ஸ்டீஃபன் என்ற விஞ்ஞானி 2010-இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்த யோசனை அது. வேடிக்கை என்னவென்றால், ஹவுஸ்ஹோஃபருடைய ஆராய்ச்சி முழுவதையும் விட அந்தத் தோல்விப் பட்டியலுக்குத்தான் அதிகக் கவனம் கிடைத்தது. அதையும் அவர் பட்டியலில் ஒரு தோல்வியாகச் சேர்த்துக்கொண்டார்! உங்கள் தோழர்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு தாள் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது மற்றத் தாளை.

இவ்வளவும் உங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னேன். தேற்றுவதோடு நிறுத்தினால் நான் ஆலோசகர் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 9-லிருந்து 4 சதவீதத்துக்கு வந்தது மூன்று வருடம் முன்னால். அதற்குப் பிறகு? புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள், எந்தப் பொறுப்பு கூடியது, சம்பளம் எவ்வளவு ஏறியது என்று ஒரு வரிகூட இல்லை. தோழர்களின் பதவியைப் பற்றி இத்தனை வரி எழுதியவர், இந்த மூன்று வருடத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்களா, எழுத எதுவும் இல்லையா? இரண்டாவதாக இருந்தால், உங்கள் கூச்சத்துக்கு லிங்க்ட்இன் காரணமில்லை, அது கூச்சத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. அப்படியானால் அந்தக் கூச்சத்துக்குக் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். சாஃப்ட்வேருக்குப் போன தோழனின் சம்பளத்தோடு ஃபவுண்டரிச் சம்பளத்தை ஒப்பிட்டால் தோற்பது நீங்கள்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அதற்குக் காரணம் இரண்டு தொழில்களின் லாபக் கணக்கு, உங்கள் திறமை இல்லை. ஆனால் உங்கள் தொழிலுக்குள்ளேயே, உங்கள் அளவு அனுபவம் உள்ளவருக்கு மற்றக் கம்பெனிகளில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்பது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண். 13 வருடம் ஒரே இடத்தில் இருப்பவர்கள் அநேகமாக அதைத் தெரிந்து வைத்திருப்பதில்லை. தெரிந்துகொண்ட பிறகும் அங்கேயே இருப்பது என்று முடிவு செய்யலாம், தப்பில்லை. தெரியாமலே இருப்பது வேறு.

எனவே லிங்க்ட்இன்னை விடச் சொல்ல மாட்டேன், திறக்கும் கதவை மாற்றச் சொல்வேன். முகப்பில் வந்து விழும் பதிவுகளைப் படிக்காதீர்கள். தேடும் கட்டத்தில் உங்கள் வேலையின் பெயரையும் கோவை, சென்னை, புனே என்று ஊரின் பெயரையும் போட்டுத் தேடி, அறிமுகமே இல்லாத ஒரு பத்துப் பேரின் அனுபவப் பகுதியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதல் வேலையிலிருந்து தொடங்கி, எங்கிருந்து எங்கே போனார்கள் என்று. என் கண்ணைத் திறந்தது இதுதான். ஆள் எடுக்க ஆரம்பித்த காலத்தில் எனக்கும் உத்தியோகம் என்றால் ஏணிதான். இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர், மேனேஜர், ஜெனரல் மேனேஜர், ரிட்டயர்மென்ட். ஆயிரக்கணக்கான அனுபவப் பகுதிகளைப் படித்த பிறகுதான் புரிந்தது, நேராக மேலே ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் பக்கவாட்டில் போயிருக்கிறார்கள், இறங்கி ஏறியிருக்கிறார்கள், நடுவில் இரண்டு வருடம் காணாமல் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். ஃபவுண்டரியில் தரம் பார்த்தவர் வாகனக் கம்பெனிக்குப் போய், சப்ளையர்களின் தரத்தைப் பார்க்கும் வேலையில் உட்காருகிறார். நேற்று ஆடிட்டுக்கு வந்தவரைக் கண்டு பயந்தவர், இன்று ஆடிட்டுக்குப் போகிறார். இன்னொருவர் காஸ்டிங் வாங்கும் பர்ச்சேஸ் பக்கம் போகிறார். எந்தக் காஸ்டிங் எங்கே உடையும் என்று தெரிந்தவர் விலை பேசினால் எதிரில் இருப்பவர் ஏமாற்ற முடியாது. உருகிய இரும்பு அச்சுக்குள் எப்படிப் பாய்கிறது என்று கணினியில் காட்டும் சிமுலேஷன் மென்பொருள் விற்பவர்களுக்கு, ஷாப் ஃப்ளோரில் கை கறுத்த ஆள்தான் வேண்டும். ஐஎஸ்ஓ சான்று தரும் நிறுவனங்களில் ஆடிட்டர் ஆனவர்கள் இருக்கிறார்கள், சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருடைய பதவிப் பெயர் உங்களுடையதை விடச் சின்னதாகக்கூட இருக்கும். அவர்களுக்கு நாள் எப்படிப் போகிறது, வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்பதா, அறிமுகம் இல்லாதவர்களையா என்று தயங்குவீர்கள். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களிடம், யார் மூலமாக அது கிடைத்தது என்று விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது என்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மீதிப் பேருக்கு உதவியவர் எப்போதாவது பார்ப்பவர், அல்லது பார்த்தே வெகுநாள் ஆனவர். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வரும்.

ஆனால் இங்கே நான் எல்லோரையும் போல, எனவே ஆயிரம் பேரைச் சேருங்கள் என்று சொல்லப் போவதில்லை. 2022-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. லிங்க்ட்இன் ஐந்து வருடம், 2 கோடிக்கும் அதிகமான பேரிடம், 'இவரைத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, யாருக்கு வேலை கிடைத்தது என்று பார்த்தது. நமக்குத் தெரியாமலே நம்மை வைத்துச் சோதனையா என்று அப்போது சலசலப்பும் எழுந்தது. முடிவு என்ன என்றால், மிக நெருக்கமானவரும் இல்லை, முற்றிலும் அந்நியரும் இல்லை, அரைகுறையாகத் தெரிந்தவர்தான் வேலை மாற அதிகம் உதவினார். இதை எல்லோரும் எழுதினார்கள். பலர் எழுதாமல் விட்ட பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. கணினி சார்ந்த துறைகளில்தான் தூரத்துத் தொடர்பு கைகொடுத்தது. கணினியின் பங்கு குறைவாக உள்ள துறைகளில் நெருங்கிய தொடர்புதான் உதவியது.

ஃபவுண்டரி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சாஃப்ட்வேர் தோழனுக்குப் பலிக்கும் வழி உங்களுக்கு அப்படியே பலிக்காது. இந்திய ஃபவுண்டரியாளர்களின் சங்கமான ஐஐஎஃப் 1950-இலிருந்து இருக்கிறது, கோவையில் கிளை உண்டு. அதன் கூட்டங்களுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? அங்கே டீ குடிக்கும்போது கிடைக்கும் பத்து நிமிடம், ராத்திரி பதினொரு மணிக்கு விரலால் தள்ளும் ஒரு மணி நேரத்தை விட உங்களுக்குப் பயன். அச்சு எடுக்கும் பேட்டர்ன் செய்து தருபவர், ஆடிட்டுக்கு வரும் கஸ்டமர் தரப்பு ஆள், உங்களிடமிருந்து போய் வேறு கம்பெனியில் இருக்கும் பழைய ஜூனியர், இவர்கள்தான் உங்கள் வலை. லிங்க்ட்இன்னை அந்த வலையின் முகவரிப் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது, 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதாதீர்கள். அதைப் படித்ததும் எதிரில் இருப்பவருக்கு உதவ முடியாத குற்ற உணர்ச்சி வந்து, பதிலே போடாமல் மூடிவிடுவார். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். இப்படி: 'சார், நான் கோவையில் பம்ப் காஸ்டிங் தரம் பார்க்கிறேன். நீங்கள் ஃபவுண்டரியிலிருந்து சப்ளையர் குவாலிட்டிக்குப் போனதைப் பார்த்தேன். முதல் ஆறு மாதத்தில் புதிதாக என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று கேட்கலாமா? பத்து நிமிடம் போதும்.' தன் கதையைக் கேட்டால் சொல்லாத மனிதரை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேர் போதும். ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பேர் பதில் போட்டாலே, நான் மேலே சொன்ன அந்தச் சம்பள எண்ணும் உங்களுக்குத் தெரிந்துவிடும், போக வேண்டுமா இருக்க வேண்டுமா என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்தையும் திருத்துங்கள். பெயருக்குக் கீழே 'சீனியர் இன்ஜினியர்' என்று மட்டும் இருந்தால் என்னைப் போல ஆள் தேடுபவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். நாங்கள் சொற்களைப் போட்டுத் தேடுகிறோம். கிரே அயர்ன், பம்ப் காஸ்டிங், ரிஜெக்‌ஷன் குறைப்பு, கஸ்டமர் ஆடிட், ஸ்பெக்ட்ரோ என்று நீங்கள் தினமும் சொல்லும் சொற்களையே அங்கே எழுதுங்கள். 9-லிருந்து 4-க்கு வந்ததை எத்தனை மாதத்தில், எத்தனை பேர் குழுவாக, என்ன மாற்றி என்று நான்கு வரியில் எழுதுங்கள். கஸ்டமர் பெயரும் கம்பெனி ரகசியமும் வேண்டாம். அந்த நான்கு வரிக்காக நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். 'ஹெட்' என்ற ஒரு சொல்லுக்காகக் கூப்பிட்டு ஏமாந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

பின்குறிப்பில் கேட்டதற்கு வருகிறேன். பச்சை வளையம் இப்போது வேண்டாம். போட்டோவைச் சுற்றிப் போட்டால் உங்கள் முதலாளியும் பார்ப்பார், நாளைக்கே டீக்கடையில் பேச்சாகிவிடும். ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க அதிலேயே ஒரு வழி இருக்கிறது. உங்கள் கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்பார்கள், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால் அந்த ஐந்து பேரிடம் பேசி முடிக்கும் வரை அதையும் தொடாதீர்கள். பக்கத்தைத் திருத்தத் தொடங்கும் முன், மாற்றங்களை எல்லோருக்கும் தெரிவிக்கும் அமைப்பை மறக்காமல் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு தேதியைத் திருத்தப் போய், உங்கள் மச்சானே முதல் ஆளாகப் புது வேலைக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவான்.